பெரியதம்பியின் தலையில் விழுந்த ஒலிபெருக்கி

பெரியதம்பி கண்டியில் சத்தத்தை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். இளவயதில் நகரத்துக்கு இறங்கி வந்து ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை பார்த்தார். பிறகு சொந்தமாக அம்ப்ளிபயரும் ஒலிபெருக்கிகளும் சேர்த்துக்கொண்டார். கசெட் போய் சீடி வந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், கோயில் திருவிழா, கல்யாணம், தேர்தல் கூட்டம் என்று எது நடந்தாலும் கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். தொழிலுக்கு ‘இரத்தினா சவுண்ட்ஸ்’ என்று மனைவி இரத்தினம்மாவின் பெயரை வைத்திருந்தார். வைக்கும்போது இரத்தினம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அவருக்கு ஒலிபெருக்கி என்றாலே ஆகாது.

பெரியதம்பி அதிகம் பேசமாட்டார். பேசினாலும் முகம் அசையாது. அவர் சொன்னது வேடிக்கையா உண்மையா என்பது, கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் விளங்கும். அவருக்கு அடிபட்ட அன்று இந்தக் குணம்தான் எல்லாரையும் ஏமாற்றியது.

மலைச்சரிவில் இருந்த ஒரு பாடசாலையில் விளையாட்டுப் போட்டி. பெரியதம்பியும், வேன் வைத்திருந்த கூட்டாளி ஹுஸைனும் காலையிலேயே போய்விட்டார்கள். ஹுஸைன் அலவத்துகொடக்காரர்; பல வருடங்களாக இருவரும் சேர்ந்துதான் வேலை. மைதானத்து ஓரத்துக் கூரையில் ஓர் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, அதைக் கட்டுவதற்குக் கம்பி எடுக்கப் பெரியதம்பி ஏணியிலிருந்து இறங்கிக் கீழே குனிந்தார். கூரைக்கு மேலே மரக்கிளையில் இருந்த குரங்கு ஒன்று, வேறு எத்தனையோ இடம் இருக்க, ஒலிபெருக்கியின் மேல் குதித்தது. ஒலிபெருக்கி பெரியதம்பியின் தலையில் விழுந்தது. குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் மயங்கவில்லை. மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்து, “ஓட்டம் ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல அண்ணே,” என்றார் ஹுஸைன்.

“ஓட்டம் ஆரம்பிச்சாச்சா?”

“இல்லண்ணே. இப்பதானே சொன்னேன்.”

கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாவது தடவையும் அதையே கேட்டார். பக்கத்தில் நின்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். ஹுஸைன் மட்டும் சிரிக்கவில்லை.

“அண்ணே, எழும்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

பெரியதம்பிக்கு அதற்குள் தன் நினைவு கொஞ்சம் திரும்பியிருந்தது. “போய் என்னான்னு சொல்றது? குரங்கு ஸ்பீக்கரால அடிச்சிருச்சுன்னா?” என்றார். இந்த ஒரு காரணத்தை அசைக்க யாராலும் முடியவில்லை. மாலையில் வேனை நிறுத்தச் சொல்லி வீதியோரமாக வாந்தி எடுத்தார். பகல் சாப்பிட்ட பாணில் பழியைப் போட்டார்.

இரத்தினம்மாவிடம் தலையை இடித்துக்கொண்டதாக மட்டும் சொன்னார். அவர் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்து, பனடோல் மாத்திரையும் கொடுத்தார். நெற்றியில் கொத்தமல்லி அரைத்துப் பூசினார். வீக்கம் வற்றியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள்.

ஆகவில்லை. தலைவலி காலையில் அவரோடு சேர்ந்து எழும்பி, பின்னேரம் வரை கூடவே இருந்தது. வெயிலைப் பார்த்தால் கண் கூசியது. சட்டென்று திரும்பினால் தரை சரிந்தது. குட்ஷெட் பஸ் நிலையத்துக்குள் போனவர், நடத்துனர்கள் கூவுகிற சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். எங்கே போகப் புறப்பட்டார் என்பதும் அப்போது நினைவில் இல்லை. இரவில் தூக்கம் வராது. பகலில் கதிரையிலேயே கண் சொருகும். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் குரலை உயர்த்தாத மனிதர், கரண்டி கீழே விழுந்ததற்காக இரத்தினம்மாவைச் சத்தம் போட்டார். பிறகு தன் சத்தமே தாங்காமல் தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் சட்டைப் பொத்தான் துவாரத்துக்குள் நுழையவில்லை என்று அழுதார். இரத்தினம்மா வந்து பொத்தானைப் போட்டுவிட்டார். மற்றப் பொத்தான்களையும் போட்டுவிட்டார். கோயிலுக்குப் போய் ஒரு நூல் மந்திரித்து வாங்கி வந்து கையில் கட்டினார். நூலும் கட்டின இடத்தில் இருந்தது, தலைவலியும் இருந்த இடத்தில் இருந்தது.

இந்த நிலையில்தான் ஒரு கல்யாண வேலை வந்தது. போகவேண்டாம் என்று இரத்தினம்மா சொன்னார். “சும்மா உக்காந்து சுவிட்சைப் பாக்கிறதுதானே,” என்று பெரியதம்பி போய்விட்டார். மண்டபம் நிறைய ஆட்கள். ஐயர் கையைத் தூக்க, நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக எழும்பிக் கெட்டிமேளம் கொட்டிய அந்த நொடியில், பெரியதம்பி எழுந்து மெயின் சுவிட்சை நிறுத்தினார். ஒலிபெருக்கிகள் செத்தன. மின்விசிறிகளும் நின்றன. வீடியோக்காரரின் வெளிச்சமும் போனது. மாப்பிள்ளை தாலியை எங்கே கட்டுவது என்று இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்.

பெண்ணின் தகப்பனார் ஓடிவந்தார். “என்னய்யா செஞ்ச?”

“சத்தமா இருந்துச்சு,” என்றார் பெரியதம்பி.

இதையும் அவர் வழக்கமான வேடிக்கை என்றே சிலர் எடுத்துக்கொண்டார்கள். பெண்ணின் தகப்பனார் எடுத்துக்கொள்ளவில்லை. ஹுஸைன்தான் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, பெரியதம்பியை வேனில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டார். விட்டுவிட்டு, குரங்கு விஷயம் முழுவதையும் இரத்தினம்மாவிடம் சொன்னார். திரும்பத் திரும்ப ஒரே கேள்வி கேட்டதையும், வீதியோரம் வாந்தி எடுத்ததையும் சொன்னார்.

இரத்தினம்மா கேட்டு முடித்தார். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

“வாங்க, போறோம்.”

“எங்க?”

“குரங்கைப் பாத்து நியாயம் கேக்கவா போறோம்? ஆஸ்பத்திரிக்கு.”

அங்கே பார்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். பெயர் ஞானேஸ்வரி. என்ன விழுந்தது என்று கேட்டார். பெரியதம்பி கூரையைப் பார்த்தார். இரத்தினம்மா நடந்ததைச் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை, ஒலிபெருக்கி எவ்வளவு பாரம் என்று மட்டும் கேட்டார். ஒலிபெருக்கியின் பாரத்தைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டது பெரியதம்பிக்குப் பிடித்துப்போனது. அதன் பிறகு உண்மையையே சொன்னார்.

டொக்டர் கண்ணுக்கு டோர்ச் அடித்துப் பார்த்தார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ‘அலுமாரி’ என்பதை மட்டும் பெரியதம்பியால் கண்டுபிடிக்க முடியவில்லை. டொக்டருக்குப் பின்னால் ஓர் அலுமாரி இருந்தது. “இரத்தத்தை ஐதாக்கிற குளிசை மருந்து ஏதும் எடுக்கிறனீங்களோ?” என்று கேட்டார். இல்லை. தலையைப் படம் எடுக்க அனுப்பினார். படத்தில் இரத்தக் கசிவோ வெடிப்போ இல்லை.

“ஒண்ணுமே இல்லன்னா, எனக்கு ஏன் இப்பிடி இருக்கு?” பெரியதம்பிக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

“ஒண்டும் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. மூளை குலுங்கியிருக்கு. அது படத்தில தெரியாது. கனபேருக்குச் சில கிழமையில மாறிடும். சிலருக்கு மாசக்கணக்கில இழுக்கும். இந்தத் தலையிடி, மறதி, எரிச்சல், நித்திரையில்லாமை, அழுகை எல்லாம் அதாலதான். நீங்கள் நடிக்கேல்லை. உங்களுக்கு விசரும் இல்லை.”

விசர் இல்லை என்று கேட்டதும் இரத்தினம்மா பெருமூச்சு விட்டார். புருஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுதான் அவர் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தார்.

“ஆனா அண்டைக்கே வந்திருக்க வேணும்,” என்றார் டொக்டர். “அடிபட்ட பிறகு கேட்டதையே கேட்டிருக்கிறீங்கள், வேனை நிப்பாட்டிச் சத்தி எடுத்திருக்கிறீங்கள். உள்ளுக்க இரத்தம் கசிஞ்சிருந்தா இப்ப இப்பிடி இருந்து கதைக்கமாட்டீங்கள்.” பிறகு இரத்தினம்மாவின் பக்கம் திரும்பினார். “அம்மா, இனியும் கவனமா இருங்கோ. தலையிடி கூடிக்கொண்டே போனா, திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தா, எழுப்ப எழும்பாம நித்திரையா கிடந்தா, நேரம் பார்க்காம நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டு வாங்கோ.”

“பேச்சுக் குழறுனா?”

“ஓம், அதுக்கும். ஒருபக்கக் கை கால் சோர்ந்தாலும், வலிப்பு வந்தாலும், ஒரு கண்மணி மட்டும் பெருசாத் தெரிஞ்சாலும் கொண்டு வாங்கோ. மூக்காலயோ காதாலயோ தண்ணி மாதிரி வடிஞ்சாலும் அப்பிடித்தான்.”

பெரியதம்பி ஊசி ஒன்று எதிர்பார்த்திருந்தார். கிடைக்கவில்லை. இருட்டறையில் நாள்கணக்கில் படுத்திருக்கவும் டொக்டர் விடவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நடக்க வேண்டும், தலைவலி கூடினால் உட்கார வேண்டும், நேரத்துக்குப் படுக்க வேண்டும், சாராயம் தொடக்கூடாது, வேலையைச் சிறிது சிறிதாகத்தான் தொடங்க வேண்டும், ஏணியைத் தொடவே கூடாது, இது மாறமுதல் இன்னொரு அடி படக்கூடாது. மறுபடி கிளினிக் வரவேண்டும். “பனடோலையும் ஒவ்வொரு நாளும் விழுங்காதேங்கோ, பிறகு அதாலயே தலையிடிக்கும்.”

இப்படியாகப் பெரியதம்பி காலையில் கண்டி வாவியைச் சுற்றி நடக்கும் மனிதரானார். முதலில் அரைவாசி கூடப் போகமுடியாது. கல்லில் உட்கார்ந்து நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துவதைப் பார்ப்பார். அவை சத்தம் போடாமல் இருந்தது அவருக்குப் பிடித்திருந்தது.

ஏற்றுக்கொண்டிருந்த கோயில் திருவிழாவை ஹுஸைன் தனியாகப் பார்த்தார். அறிவிப்புச் செய்ய வருவதாகச் சொன்னவர் வரவில்லை. சாமி கும்பிட வந்திருந்த இரத்தினம்மாவின் கையில் யாரோ தொலைந்த பிள்ளையொன்றைக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் மைக்கைப் பிடித்தார்.

“பச்சைச் சட்டை போட்ட புள்ள ஒண்ணு இங்க அழுதுகிட்டு நிக்குது. இதோட அம்மாவும் எங்கயாச்சும் அழுதுகிட்டுத்தான் நிப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னு அழுங்க. மேடைக்கு வாங்க.”

கூட்டம் சிரித்தது. தாயும் வந்தாள். அன்று முழுவதும் மைக்கை யாரும் இரத்தினம்மாவிடமிருந்து திருப்பி வாங்கவில்லை.

“அண்ணி நல்லாப் பேசுறாங்க அண்ணே,” என்று ஹுஸைன் வீட்டுக்கு வந்து சொன்னார்.

“முப்பது வருசமா எனக்குத் தெரியும்,” என்றார் பெரியதம்பி. இரத்தினம்மா அவர் முகத்தைப் பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மழைக்காலம் வந்து போனபோது தலைவலி வாரத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. பிறகு அதுவும் நின்றது. மறதி தேய்ந்தது. எரிச்சல் போனதை அவர் கவனிக்கவில்லை, இரத்தினம்மாதான் கவனித்தார். முதலில் ஒரு சிறிய கூட்டத்துக்கு அரைநாள் போனார். பிறகு ஒரு கல்யாணம். முந்தைய கல்யாணக் கதையைக் கேள்விப்பட்டிருந்த இந்தப் பெண்ணின் தகப்பனார், சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தியிருந்தார். அன்று எதுவும் அணையவில்லை.

ஏணி ஏறுவது ஹுஸைனின் வேலையானது. பெரியதம்பி மைதானத்தின் கடைசி மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்து, அங்கே எப்படிக் கேட்கிறது என்று கையைத் தூக்கியும் தாழ்த்தியும் காட்டுவார். இத்தனை வருடமும் அந்த மூலையில் எதுவும் விளங்காமல்தான் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. வேலைக்கு அழைக்க வருபவர்கள் முதலில் கேட்பது, மைக் பிடிக்க இரத்தினம்மா வருவார்களா என்பதைத்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவரால் கடைசிவரை தாங்க முடியவில்லை: பிரஷர் குக்கர் விசில். இரத்தினம்மா குக்கரைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் பழையபடி பானையில் சோறாக்கினார். சோறு அப்படித்தான் நன்றாக இருக்கிறது என்று பெரியதம்பி சொன்னார். அது வேடிக்கையா உண்மையா என்று இரத்தினம்மா கேட்கவில்லை.