மடியில் படுத்த கிட்டார்

அம்மாசி அண்ணன் எங்கள் குழுவில் சேர்ந்தது கிட்டார் வாசிக்க அல்ல, ஸ்பீக்கர் பெட்டி தூக்க.

கள்ளக்குறிச்சியில் பூமாலை அண்ணன் நடத்திய மெல்லிசைக் குழுவில் நான் பாடகி. வீட்டில் கலையரசி, மேடையில் ‘சின்னசேலம் கலையரசி’. திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக்காரர்கள் பேச வருவதற்கு முன் கூட்டம் சேர்க்கும் கச்சேரி என்று விழுப்புரத்திலிருந்து ஆத்தூர் வரை ஒரு பழைய வேனில் சுற்றிக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கிட்டார் வாசித்தவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. போகும்போது கிட்டாரைப் பூமாலையிடமே விட்டுவிட்டுப் போனார். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுக் கிடைக்கிற நேரத்தில் அம்மாசி அதை எடுத்து மெதுவாகத் தட்டிப் பார்ப்பார். யாரும் தடுக்கவில்லை. ஒரு வருஷம் போவதற்குள் எங்கள் கிட்டாரிஸ்ட் அவர்தான் என்றாகிவிட்டது.

தியாகதுருகம் பக்கம் ஒரு காலனியில் அவர் வீடு. அப்பா அம்மா இருவரும் கூலி வேலை. மனைவி காசியம்மாள் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போவார். அண்ணனும் கச்சேரி இல்லாத நாளில் அவரோடு வயலுக்குத்தான் போவார்.

வேகமாக வாசிப்பவனைத்தான் அன்றைக்கு ஜனங்கள் நல்ல கிட்டாரிஸ்ட் என்பார்கள். சேலத்திலும் திருச்சியிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். விரல் எங்கே போகிறது என்றே தெரியாது, விசில் பறக்கும். அம்மாசி அண்ணனுக்கு அந்த வேகம் வரவில்லை. ஆனால் அவரோடு பாடினால் எனக்குத் தொண்டை வலிக்காது. ஏன் என்று ரொம்ப நாள் புரியவில்லை. ஒருநாள் தபேலாக்காரர்தான் சொன்னார்: “நீ மூச்சு வாங்குற எடத்துல அவரு கைய எடுத்துடறாரும்மா. கவனிச்சியா?” அதற்குப் பிறகு கவனித்தேன். பாட்டில் நான் எங்கே மூச்சு வாங்குகிறேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்க ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். மறியல் தொடங்குவதற்குள் வந்துவிடலாம் என்ற தைரியத்தில் உளுந்தூர்பேட்டையில் ஒரு வரவேற்புக் கச்சேரியை ஒப்புக்கொண்டார் பூமாலை. முடித்துவிட்டுக் காலையில் கிளம்பினோம். எலவனாசூர்கோட்டையைத் தாண்டியதுமே முன்னாலும் மரம், பின்னாலும் மரம். வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் சாலையில் குறுக்கே கிடந்தன. வேன் அப்படியே நின்றுவிட்டது.

மறியல் செய்தவர்கள் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். எங்களை ஒன்றும் செய்யவில்லை. “நீங்க இன்னா பண்ணுவீங்க, பாட்டுக்காரங்க. வந்து சாப்புடுங்க” என்று பம்ப்செட் கொட்டகையில் இடம் கொடுத்தார்கள். ஆனால் வேறு பக்கங்களிலிருந்து நல்ல சேதி வரவில்லை. போலீஸ் சுட்டதாகச் சொன்னார்கள். காலனிகளில் குடிசைகள் எரிந்ததாகச் சொன்னார்கள். அம்மாசி அண்ணன் வேனை விட்டு இறங்கவே இல்லை. அவர் எந்தத் தெருக்காரர் என்று யாரும் கேட்கவில்லைதான். கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பிக் கிடந்தது.

மறுநாள் இளஞ்செழியன் என்ற பையன், இருபத்தைந்து வயதிருக்கும், தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வேன் கதவைத் தட்டினான்.

“யோவ், எறங்கி வாய்யா. வேன்லயே குந்திக்கினு இருந்தா எப்டி?”

“இருக்கட்டும் தம்பி. இங்கியே சாப்புட்டுக்கறேன்.”

இளஞ்செழியன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். வாளியை உள்ளே வைத்துவிட்டுப் போனான். அடுத்த வேளைச் சோறும் அவனே கொண்டுவந்தான். வேறு யாரையும் அனுப்பவில்லை.

அதற்கு அடுத்த நாள் பகலில்தான் அது நடந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பெண்குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. இளஞ்செழியனின் அக்கா மகள், செவ்வந்தி என்று பெயர். டிராக்டர் தயாராக நின்றது. ஆனால் ஊர்ப்பாதை சாலையில் வந்து சேரும் இடத்தை அடைத்துக்கொண்டு அவர்களே சாய்த்த மரம் கிடந்தது. அதைப் புரட்டிவிட்டால் எதிர்ப்பக்கத்து வண்டிப்பாதையில் இறங்கி, ஏரிக்கரை வழியாகவே கள்ளக்குறிச்சிக்குப் போய்விடலாம்.

கயிறு கட்டி, கடப்பாறை போட்டு எல்லோரும் நெம்பினார்கள். எங்கள் குழு ஆண்களும் ஓடினார்கள். அம்மாசி அண்ணன் வேனிலிருந்து இறங்கியது அப்போதுதான். மரம் புரளும், கொஞ்சம் தள்ளும், திரும்பப் பின்னால் வரும். முட்டுக் கொடுக்க ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அடியில் கை நீட்டியவர் அவர். ஒரு கடப்பாறை வழுக்கியது. மரம் பின்வாங்கியது. அவருடைய இடது கை அடியில் இருந்தது.

அவர் கத்தவில்லை. சுற்றி நின்ற நாங்கள்தான் கத்தினோம்.

இரண்டாம் முறை நெம்பியதில் கையும் வெளியே வந்தது, மரமும் ஒதுங்கியது. டிராக்டர் பெட்டியில் நானும் ஏறிக்கொண்டேன். இளஞ்செழியன் ஒரு கையால் செவ்வந்தியை மடியில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அண்ணனின் துண்டு சுற்றிய கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தான். வழி முழுக்கக் குலுக்கல். அவன் அந்தக் கையைக் கீழே இறக்கவே இல்லை. அவன் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை நனைந்து சிவந்துவிட்டது.

“அண்ணே, கண்ண மூடாத. என்னப் பாத்துப் பேசிக்கினே வா” என்றான். அவன் வாயில் ‘யோவ்’ போய் ‘அண்ணே’ வந்ததை அந்தக் கலவரத்திலும் நான் கேட்டேன்.

“கொயந்தயப் பாரு தம்பி. எனக்கு ஒன்னுமில்ல” என்றார் அண்ணன்.

செவ்வந்தி பிழைத்தாள். அண்ணனுக்கு மோதிரவிரலும் சுண்டுவிரலும் போயின. நடுவிரல் இருந்தது, ஆனால் மடங்கவில்லை. கிட்டார் கம்பியை அழுத்துகிற கை அதுதான்.

ஆஸ்பத்திரியில் அவர் பெரிய மனதோடுதான் இருந்தார். வீட்டுக்குப் போன பிறகு அப்படி இல்லை. எங்கள் வேன் சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் போய்விடுவார். நான் பார்க்கப் போனபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. காசியம்மாள்தான் என்னைத் தெரு முனைவரை கொண்டுவந்து விட்டார்.

“கிட்டாரத் தூக்கி ஒடைக்கப் போனாரு கலை. புடுங்கிப் பரண்மேல வெச்சிட்டேன். கோவம் இவருக்கு. அதுக்கு அந்தக் கட்ட இன்னா பண்ணும்?”

மாதாமாதம் இளஞ்செழியன் அந்தக் காலனிக்கு வந்துகொண்டிருந்தான். அவன் தெருக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. இவர் தெருவிலும் ஆரம்பத்தில் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். அவன் வாசலில் உட்கார்ந்து காசியம்மாள் கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டுப் போவான். அவன்தான் உளுந்தூர்பேட்டையில் லாரி பட்டறை வைத்திருந்த சடையனிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தான். கழற்றிப் போட்ட இன்ஜின் சாமான்களை டீசலில் கழுவித் துடைக்கிற வேலை. அதற்கு மூன்று விரல் போதும்.

பட்டறையில் கழுவும் சாமான்களில் பிஸ்டன் பின் என்று ஒன்று உண்டு. கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்புக் குழல். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், கைக்குக் கனமாக இருக்கும். அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தால் மடங்காத நடுவிரல் தானாக அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒருநாள் அப்படிப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது. கிட்டாரை மடியில் படுக்கவைத்து, இரும்பைக் கம்பிமேல் தேய்த்து வாசிக்கிறவர்கள் உண்டு என்று ரேடியோ கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அவரும் கேட்டிருக்கிறார். ஆனால் பார்த்ததில்லை.

தேய்ந்துபோய்க் கழித்துப் போட்ட பிஸ்டன் பின் ஒன்றைச் சடையனிடம் கேட்டார்.

“எடுத்துக்கய்யா. லாரிக்குத்தான் ஒதவல, ஒனக்காவது ஒதவட்டும்” என்றார் சடையன்.

பரண்மேல் இருந்த கிட்டாரைக் காசியம்மாளே இறக்கித் துடைத்துக் கொடுத்தார். இரும்பு கட்டையில் இடிக்காதபடி கிட்டாரின் கழுத்து முனையில் ஒரு இரும்புத் துண்டைச் செருகிக் கம்பிகளை உயர்த்தியவர் பட்டறையில் வெல்டிங் செய்கிற ராசு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிற்கிற லாரியின் நிழலில் உட்கார்ந்து அண்ணன் பழகுவார். முதலில் கேட்கச் சகிக்காது. “பூனைய மிதிச்சிட்டியா?” என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அண்ணனும் சிரிப்பார். கை போன பிறகு அவர் சிரித்தது அங்கேதான் என்று காசியம்மாள் சொன்னார். கிண்டல் செய்த டிரைவர்களே பிறகு, “அந்தப் பழைய பாட்டு ஒன்னு வாசிங்க, கேட்டுட்டுக் கெளம்பறோம்” என்று லாரியை நிறுத்திவைக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷம் ஆடி மாதம் கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. மலை ஜனங்கள் இருட்டுவதற்குள் நடந்து ஊர் திரும்ப வேண்டும் என்பதால் கச்சேரி பகலில். போராட்டம் அப்போதும் ஓயவில்லை, திடீர் திடீரென்று பஸ் நின்றுவிடும். அன்றைக்கும் நின்றது. சேலத்திலிருந்து வர வேண்டிய கிட்டார்காரர் வரவில்லை. நான் அம்மாசி அண்ணனை அழைக்கச் சொன்னேன். பூமாலை தயங்கினார்.

“மடியில படுக்க வெச்சி வாசிச்சா ஜனங்க சிரிப்பாங்கம்மா.”

“சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க கேட்டதில்ல, நான் பட்டறையில போய்க் கேட்டிருக்கேன்” என்றேன்.

வேனைத் தியாகதுருகத்துக்கு விட்டு அண்ணனை ஏற்றிக்கொண்டு மேலே போனால் மூடுபனியும் தூறலும். சாமைக் கொல்லைகளைத் தாண்டி வந்த காற்று எலும்பைக் குத்தியது. மூன்றாவது பாட்டில் என் தொண்டை கட்டிக்கொண்டது. நான்காவது பாட்டு பல்லவியோடு நின்றுபோனது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது, பாட்டைக் காணோம். ஜனங்கள் என்னைப் பார்க்கிறார்கள்.

அப்போது நான் விட்ட வரியைக் கிட்டார் எடுத்துக்கொண்டது.

நான் பாடுகிற மாதிரியே பாடியது. நான் ஒரு சுரத்தைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு போய்த் தொடுவேன். அந்த இரும்பும் அப்படியே இழுத்துத் தொட்டது. சரணத்தின் நடுவில் ஒரு இடத்தில் அண்ணன் இரும்பைக் கம்பியிலிருந்து தூக்கினார். ஒரு சின்ன மௌனம். பிறகு அடுத்த வரி. நான் மூச்சு வாங்குகிற இடம் அது. என் குரல் என்னை விட்டு வெளியே வந்து எதிரில் உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. மைக்கைப் பிடித்தபடி அழுதேன். யாரும் சிரிக்கவில்லை. சரணம் முடிந்தபோது முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், “பாட்டு தெளிவா கேக்குது. இன்னொருக்க வாசிக்கச் சொல்லுங்க” என்றாள். கிட்டாரில் வார்த்தை ஏது? ஆனால் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

மிச்சக் கச்சேரி முழுக்க அவர்தான் பாடினார், அந்தக் கம்பிகளில். இறங்கி வரும்போது பூமாலை வேனில் முன் இருக்கையை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் பெட்டிகளோடு உட்கார்ந்துகொண்டார். அந்த மனுஷனுக்குத் தெரிந்த பாராட்டு அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் போஸ்டரில் ‘கிட்டார் அம்மாசி’ என்று தனியாகப் போட ஆரம்பித்தோம். கல்யாண வீடுகளில் பாட்டே வேண்டாம், அவர் வாசித்தால் போதும் என்று கேட்பார்கள். சேலத்து வேகக் கைக்காரர்களே வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். இட ஒதுக்கீடும் பிறகு ஒரு மாதிரியாக வந்தது. செவ்வந்தி ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குப் போனாள். அவள் கல்யாணத்துக்கு இளஞ்செழியன் காலனிக்கே வந்து, தாம்பாளம் வைத்து அண்ணனையும் காசியம்மாளையும் அழைத்தான். கச்சேரி வைக்க அல்ல, உறவாக. முன்பந்தியில், தன் பக்கத்தில் உட்கார வைத்தான். சில பேர் அந்தப் பந்தியில் உட்காராமல் போனார்கள். போகட்டும் என்றுவிட்டான்.

சில வருஷங்களுக்கு முன் கோயமுத்தூரிலிருந்து இசைக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் அண்ணனைத் தேடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களும் அழகாக வாசித்தார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன். “பெரிய கிட்டாரிஸ்ட் ஆக என்ன வேணும் சார்?” என்று கேட்டார்கள்.

அண்ணன் கிட்டாரை எடுத்து மடியில் படுக்கவைத்தார். “எனக்கு நாலு பேரு கெடச்சாங்க” என்றார். “அவங்கவங்க அவங்கவங்க வேலையத்தான் பாத்தாங்க. எனக்கு அது போதுமா இருந்துச்சி. ஒங்களுக்கு யாரு கெடச்சிருக்காங்கன்னு பாருங்க.”

பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. ஒருத்தர் பாடும்போது அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கேட்கத் தெரிய வேண்டும், அது தெரிந்தால் விரல் எத்தனை இருந்தாலும் போதும் என்று. ஆனால் அதற்குள் அவர் வாசிக்க ஆரம்பித்திருந்தார், அதைக் கேட்பதே நல்லது என்று இருந்துவிட்டேன்.

இப்போது எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மேல் ஸ்தாயி வருவதில்லை. அண்ணனுக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனால், கிட்டாரைக் கொஞ்சம் கீழே இறக்கிச் சுருதி கூட்டி வைத்திருக்கிறார்.