அவள் விடாத சீட்டு

இன்று காலை கீரிப்பாறை பஸ்சில், பிளஸ் டூவில் என்னோடு படித்த தோழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டாளாம். ஃபீஸும் கட்டியாச்சாம்.

"அப்போ நாரோயில் காலேஜ்ல உனக்குக் கிட்டின பிசிக்ஸ் சீட்டு?"

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு விட்டிருக்கேன் மக்கா."

அந்த நாகர்கோவில் கல்லூரியில் அதே பிசிக்ஸுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. மூன்று வாரமாகத் தினமும் அங்கே போன் போட்டுக் கேட்கிறேன்.

"ஏட்டி, நான் அதுக்குத்தான் காத்துக் கெடக்கேன். இன்னைக்குக் கடைசி நாளு. வேண்டாம்னு ஒரு மெயில் போடுவியா?"

"அப்பாட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று வடசேரியில் இறங்கிப் போனாள்.

நான் நேரே கல்லூரிக்குப் போய் நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஆறு தடவை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை.

"அந்தப் பிள்ளை எழுதித் தராம நான் என்ன செய்யட்டும்மா?" என்று கிளார்க் கவுண்டரை மூடினார்.

ஐந்து மணி வரை சேர்க்கை நடந்த வேறொரு கல்லூரிக்கு ஓடினேன். பி.காம் மட்டும்தான் மிச்சமிருந்தது. அழுதுகொண்டே சேர்ந்தேன்.

இப்போது அவளிடமிருந்து மெசேஜ்: "ஸாரி மக்கா, அப்பா உறங்கிட்டாவ. நாளைக்குக் கேக்கேன்."

நாலு பதில் எழுதி நாலையும் அழித்துவிட்டேன். நீங்களா இருந்தா என்ன அனுப்புவீங்க? கெட்ட வார்த்தை இல்லாமச் சொல்லுங்க, எங்கம்மாவும் இதைப் படிப்பா.