மூன்று ஊர், மூன்று நாள், ஒரே ஒரு நோயாளி

மூன்று வருடங்களுக்கு முன், பழவேற்காடு ஏரிக்கரையில் நடந்தது இது. சுகாதாரத் துறையில் எந்த ஊருக்கு எந்த நர்ஸ், என்றைக்குப் போவது என்று பட்டியல் போடுவது என் வேலை. மூன்று மீனவ ஊர்களில் பிரஷர், சர்க்கரை பார்க்க இரண்டு நர்ஸ்கள் இருந்தார்கள். "ஆளே வராத இடத்துக்கு எதுக்கு ரெண்டு பேர்? இந்த மாசமும் இப்படின்னா ஒருத்தரை வேற ஊருக்கு மாத்திடுவேன்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

விடுவேனா? திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர், புதன் ஓர் ஊர் என்று கலர் கலராகப் பட்டியல் போட்டு, நானே நேரில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் இரண்டு ஆடுகள் வந்தன. மறுநாள் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் பொழுது போகாமல் என் கையையே நீட்டினேன். பிரஷரும் அதிகம், சர்க்கரையும் அதிகம்! பதிவேட்டில் முதல் பெயர் என்னுடையது.

மீன் கூடையோடு போன ஓர் அக்கா நின்று சிரித்தார். "இன்னா சார், நாங்க தண்ணியில எறங்குற நாளா பாத்து கரையில வந்து குந்திக்கிற? என்னிக்கு யாரு பாடுன்னு இங்க கோழிக்குக்கூடத் தெரியுமே!"

ஏரியில் இன்று இந்த ஊர், நாளை அடுத்த ஊர் என்று முறைவைத்து வலை போடுவதைத்தான் அங்கே பாடு என்கிறார்கள். ஆண்கள் படகில், பெண்கள் ஏலத்தில். நான் மூன்று ஊருக்கும் சரியாக அவரவர் பாடு நாளிலேயே போயிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால்கூட ஒரு நாளாவது தப்பியிருக்கும்.

இரண்டு நர்ஸ்களில் உள்ளூர்க்காரரான ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நான் அப்பவே சொல்ல வந்தேன் சார். கலர் அடிச்சாச்சு, இனிமே மாத்த முடியாதுன்னீங்க."

அன்று மாலையே ஊர்ப் பெரியவர்களிடம் பாடு முறையைக் கேட்டு, என் அழகான பட்டியலின் பின்பக்கத்தில் புதிதாக எழுதினோம். அதில் கிழமையே கிடையாது. யார் பாடு முடிந்து கரையில் இருக்கிறார்களோ, அங்கே நர்ஸ்.

அடுத்த வாரம் நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வரிசை நின்றது. மலைபோல் இருந்த ஓர் அண்ணன் விரலை நீட்டிவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "நண்டு கடிச்சா சிரிப்பான், ஊசிக்கு அழுவுறான் பாரு!" என்று அவர் மனைவி சொல்ல, வரிசையே குலுங்கியது. மாதக் கடைசியில் பதிவேட்டைப் புரட்டிய மேலதிகாரி, "ரெண்டு பேர் போதுமாய்யா?" என்றார். இரண்டு நர்ஸ்களும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் பட்டியல் போட்டாலும், கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் அந்த ஊருக்கு ஒரு போன் போட்டு, "என்னிக்கு வீட்ல இருப்பீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். இத்தனை படித்தும் எனக்குத் தோன்றாத அந்த ஒரு கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.