ஆக்கிப் பார்த்து வாங்கிய ரவுட்டர்

கடைகளில் பேசுவது என் மனைவியின் வேலை, பை தூக்குவது என் வேலை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். கடைக்காரர் எதை நீட்டினாலும் தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு மின்விசிறி வாங்கக்கூட என்னைத் தனியாக அனுப்பியதில்லை.

முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, சிங்கப்பூரின் செங்காங் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் ரவுட்டர் வாங்க வேண்டி வந்தது. அவள் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கவனிப்பவள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று மேலாளர் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் திங்கட்கிழமை காலை அவளுடைய மேசைத் தொலைபேசி எங்கள் வீட்டில் ஒலிக்க வேண்டும். இல்லையென்றால், தற்காலிகமாக வந்திருந்த பெண்ணையே அந்த இடத்தில் வைத்துக்கொள்வார்களாம்.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் அந்தத் தொலைபேசியைக் கொடுத்தனுப்பிவிட்டு என்னைக் கைப்பேசியில் அழைத்து விளக்கினார். "இந்த போனுக்குத் தனியா விபிஎன்ல போகத் தெரியாதுங்க. ரவுட்டர்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்." விபிஎன் என்றால் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே இணையத்தில் போடும் பூட்டிய பாதை என்று புரிந்துகொண்டேன். ஃபைபர் இணைப்போடு இலவசமாக வந்த எங்கள் ரவுட்டரில் அது இல்லை. அட்டைப்பெட்டியில் விபிஎன் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொன்னார். சிலவற்றில் வெளியிலிருந்து வீட்டுக்குள் வர மட்டுமே வழி இருக்கும். எங்களுக்கு வேண்டியது வீட்டிலிருந்து வெளியே போகும் வழி. ஃபைபர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், ரவுட்டருக்குத் தெம்பில்லாவிட்டால் விபிஎன் போட்டதும் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். இணைப்புக்கான விவரங்களை ஒரு ஃபைலாக என் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தார்.

"வெக்கப்பட்டுட்டு எதையாவது வாங்கிட்டு வந்துராதீங்க" என்றாள் மனைவி. "கேளுங்க. வாய் இருக்குல்ல?"

நான் தொடக்கப்பள்ளியோடு நின்றவன். தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் கிடங்கில் வேலை. பெயர் சொல்லத் தெரியாத இடத்தில் பொருளையே எடுத்துக் காட்டிவிடுவது என் வழக்கம். ஆகவே சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் மேசைத் தொலைபேசியை ஓர் அரிசிப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் கடைகளுக்கு நடந்தேன்.

நான் நுழைந்த கடையின் முதலாளி ஒரு தமிழ் முஸ்லிம். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். விபிஎன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எட்டுக்கால் பூச்சி மாதிரி ஒரு ரவுட்டரை எடுத்து வைத்தார்.

"இருக்குறதுலயே பெருசு இதான் அண்ணே. விபிஎன் இருக்கு. ஊருக்கே வைஃபை குடுக்கலாம். பாம் ஷெல்டருக்குள்ள மட்டும் வச்சிராதீங்க லா, சிமெண்டு தாண்டாது."

அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு இருக்கும் அந்தத் தடித்த கான்கிரீட் பதுங்கறையை நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கை பர்ஸுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை காலை ஒலிக்காத தொலைபேசியின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

"போட்டுக் காட்டுங்க பாய்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"என்னத்த?"

"இது வெளிய போற விபிஎன்னானு பாக்கணும்."

"இது என்ன பிரியாணியா அண்ணே, ருசி பாத்து வாங்க?"

"நான் அரிசிக் கடையில வேலை பாக்குறேன் பாய். புது மூட்டை வந்தா ஒரு பிடி ஆக்கிப் பாத்துட்டுத்தான் அடுக்குவோம். மூட்டை மேல என்ன எழுதியிருந்தாலும் சரி."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு காட்சிக்கு வைத்திருந்த அதே ரவுட்டரின் அமைப்புகளைக் கணினியில் திறந்தார். மேலும் கீழும் தேடினார்.

"இது உள்ள வரத்தான் விடுது" என்றார். "நல்லவேளை கேட்டீங்க."

அடுத்து அவர் எடுத்தது அகலமான சோப்புப் பெட்டி போல இருந்தது. கொம்பு, வால் எதுவும் இல்லை. என் கைப்பேசியிலிருந்த ஃபைலை அதில் ஏற்றினோம். ஒரு பச்சை விளக்கு எரிந்தது. வேகம் பார்த்தார்; விபிஎன் போட்ட பிறகும் அது பெரிதாகக் குறையவில்லை. அது போதும் என்று அவர் சொன்னார். எனக்குப் போதவில்லை. அரிசிப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார், ஆனால் வயரைத் தானே செருகினார். காத்திருந்த இருவரும் இப்போது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொலைபேசியின் சிறு திரையில் அவளுடைய இணைப்பு எண் வந்தது. அவள் கைப்பேசிக்கு அடித்தேன்.

"குட் ஆஃப்டர்நூன் சார்" என்றாள், அலுவலகக் குரலில். நான் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "சார்? வீட்டுக்காரர் ரவுட்டர் வாங்கத்தான் போயிருக்காரு சார். மண்டேக்குள்ள ரெடியாயிரும்."

"நான்தான்மா" என்றேன்.

"நீங்களா? ஆபீஸ் நம்பர் காட்டுது. சனிக்கிழமை ஆபீஸ்ல என்ன பண்றீங்க?"

"ஆபீஸ்ல இல்ல. கடையில நிக்கிறேன். போன் வேலை செய்யுது."

"கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன்."

"அண்ணி, உங்க வீட்டுக்காரரு என்னை எக்ஸாம் எழுத வச்சுட்டாரு" என்று கடைக்காரர் தொலைபேசிக்குக் கேட்கும்படி சொன்னார். பின்னால் நின்றவர் தனக்கும் அதே ரவுட்டர் வேண்டும் என்றார். அவருக்கு விபிஎன் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்கே தொடங்கிவிடும் என்று அவள் ஞாயிறு மதியமே எல்லாவற்றையும் போட்டுவிடச் சொன்னாள். திங்கள் காலை நான் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினேன். எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. அவள் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு எடுத்தாள். அழைப்புகள் வரிசையாக வந்தன. ஒரு சொல்கூட உடையவில்லை.

ஒன்பது மணிக்கு மேலாளரே அழைத்தார். ஏதோ கப்பல் கணக்கைக் கேட்டார், அவள் சொன்னாள். "சரி, அந்த ஃபைலை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வாங்க" என்றார் அவர்.

அவள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் தோள்கள் குலுங்கின. "சார்" என்றாள் கடைசியில், "நான் செங்காங்ல இருக்கேன் சார்."