அம்மா வாயைத் திறக்காத வாரங்கள்

போன வாரம் பேத்தி தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். யாரோ ஒரு பையன் மைக்கோடு தனியாக நின்று, தன் அம்மா கத்திரிக்காய் பேரம் பேசுவதைச் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "சிரிப்பு வரலியா பாட்டி?" என்றாள். எனக்கு வரவில்லை. இதை அந்த அம்மா எங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாளோ என்றுதான் மனம் போயிற்று.

உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு சிரிப்புக்காரனுக்குத் தங்கையாகப் பிறந்திருந்தால் தெரியும்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மைசூரில் அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வீட்டுக்குள் நுழையும் முன்னே டெட்டால் வாசனை நுழைந்துவிடும். பாதித் தமிழ், பாதிக் கன்னடம், கோபம் வந்தால் ஆஸ்பத்திரி இங்கிலீஷ் என்று பேசுவாள். "சும்னே படுத்திருந்தா எப்படிடா, கெட் அப்!" என்றுதான் அண்ணனை எழுப்புவாள்.

அண்ணன் ஆரோக்கியம் ஜவுளிக்கடையில் விற்பனையாளனாக இருந்தான். மாதா கோயில் திருவிழாவில் ஒருமுறை நாடகக்காரர்கள் வரத் தாமதமாக, கூட்டத்தைச் சமாளிக்க இவனை மேடையில் தள்ளினார்கள். அம்மா எழுப்புவதைக் கன்னடத்தில் பேசிக் காட்டினான். சனம் உருண்டது. பிறகு கல்யாண வீடுகள், தசராப் பொருட்காட்சி மேடை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மேடைக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாரும் சிரிக்கலன்னா என்ன பண்றது?" என்பான். சிரித்துவிட்டால் எங்களுக்குப் பயம். அவன் சொன்னதெல்லாம் எங்கள் வீட்டு விஷயமாயிற்றே!

அப்புறம் வானொலி நிலையத்தில் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு குடும்பத்தின் கூத்தை வாராவாரம் நாடகமாகப் போடுவது. எழுதுவதும் மகனாக நடிப்பதும் அண்ணன்தான். நர்ஸ் அம்மா, வாயாடித் தங்கை. கடை வேலையை விட்டுவிட்டான்.

எங்களிடம் ரேடியோ ஏது? பூங்காவில் நகரசபை ரேடியோ இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் அம்மாவும் புல்லில் உட்கார்ந்து கேட்போம். அம்மா வேஷத்துக்கு ஓர் அம்மாள் குரல் கொடுத்தாள். எங்கள் அம்மா பேசியது அப்படியே வரும். தங்கை கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே சிரித்துப் பழகுவதுகூட வந்தது. அதற்குப் பிறகு நான் பல மாதம் கண்ணாடியே பார்க்கவில்லை. நெற்றிப்பொட்டு கோணலாக இருக்கிறதென்று டைப்பிங் வகுப்பில் சொல்லித்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில் நர்ஸ் அம்மா சொன்னாள்: "எங்க டாக்டர் நாடியைப் பாக்கறதுக்கு முன்னாடி, வந்தவன் செருப்பைப் பாப்பார்." பூங்காவே சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சோறு வடிக்கும்போது அலுப்பில் எங்களிடம் சொன்ன வார்த்தை அது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் குதிரை டாங்கா ஓட்டுபவர் ஒருவர் தேய்ந்த செருப்பைக் கழற்றித் துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "ஈக நோடி சுவாமி, இப்ப பாருங்க!" என்று டாக்டரிடம் கையை நீட்டினாராம். வரிசை முழுக்கச் சிரிப்பு. டாக்டர் சிரிக்கவில்லை. மேட்ரன் அம்மாவைக் கூப்பிட்டு, "ரேடியோல பேசறது உன் பையன்தானே?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரமே அம்மாவை க்ஷயரோக வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்று காசநோய் என்கிறார்களே, அந்த நாளில் க்ஷயம் என்றால் பேரைச் சொல்லவே பயப்படுவார்கள். அம்மா வாசலிலேயே குளித்து, புடவையைக் கொதிநீரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். தட்டு, டம்ளர் எல்லாம் தனி. அவள் தொண்டையைச் செருமினால் நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

அண்ணன் டாக்டரைப் பார்க்கப் போனான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "உள்ளயே விடலம்மா." அன்றிலிருந்து அம்மா வீட்டில் பேசுவதையே விட்டாள். சாப்பாடு ஆனதா என்பதற்குக்கூடக் கரண்டியால் தட்டுவாள்.

நாடகம் சப்பென்று ஆயிற்று. யாரையும் குத்தாத, எந்த வீட்டிலும் நடக்காத விஷயங்களாக அண்ணன் எழுதினான். பூங்காவில் நாடகத்தின் நடுவிலேயே எழுந்து கடலை வாங்கப் போனார்கள். "இப்படியே போனா வேற ஆளப் பாக்கறோம்னு சொல்லிட்டாங்க," என்று என்னிடம் மட்டும் சொன்னான். ஸ்டுடியோவில் எதிரே கண்ணாடிதான், சிரிக்க ஆளில்லை. தன் குரல் கிணற்றில் விழுகிற மாதிரி இருக்கிறது என்றான். அவன் சாப்பிடுவது குறைந்தது. இந்த வீட்டில் முதலில் இருமப் போவது இவன்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மா முக்காட்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "வார்டுல ஒரு ரேடியோ வச்சிருக்காங்க. யாரோ தர்மத்துக்குக் குடுத்தது."

அத்தனை வாரத்துக்கு அப்புறம் அவள் குரலைக் கேட்டு நானும் அண்ணனும் நிமிர்ந்து பார்த்தோம்.

"அதுங்கள பாக்க வீட்டு மனுஷங்களே வர்றதில்ல. ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் எல்லாம் எழுந்து உக்காந்துடும். ரெண்டு வாரமா, 'என்ன சிஸ்டர், உங்க பையன் பேசறதே சரியில்லையே'ன்னு என்னைக் கேக்குதுங்க."

அண்ணன் அழுதுவிட்டான்.

"அழாதடா, சும்னிரு! ஆஸ்பத்திரி வேண்டாம். டாக்டர் வேண்டாம். என்னைப் பத்திச் சொல்லிக்கோ. என் பல் செட்டை ஊறவச்ச டம்ளர்ல இவ காப்பி ஊத்திக் குடுத்தாளே, அதச் சொல்லு."

அந்த 'இவ' நான்தான். பெருந்தன்மையில் என்னையும் சேர்த்துத் தானம் கொடுத்துவிட்டாள்!

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு வேலை. நான் தனியாகப் பூங்காவுக்குப் போனேன். பல் செட் வந்தபோது பக்கத்திலிருந்த கிழவர் சிரித்துப் புரையேறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். வார்டிலும் சிரித்தார்களாம். சிரித்தால் இருமல் வரும், இருமினால் நெஞ்சு வலிக்கும். ஆனாலும் சிரித்தார்கள் என்றாள் அம்மா. பழைய வார்டுக்கு அவளைக் கடைசிவரை திருப்பவே இல்லை. நோயும் அவளைத் தொடவில்லை. ஆனால் அவள் ஓய்வு பெறும்வரை நான் ஒரு செருமலையும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நாடகம் வருஷக்கணக்கில் ஓடியது. நேரே மைக்கில் பேசி, நேரே காற்றில் போனது. எதையும் பதிவு செய்து வைக்கவில்லை. க்ஷயத்துக்கு மாத்திரை வந்து அந்த வார்டே இல்லாமல் போயிற்று. இப்போது பூங்காவில் சாயங்காலம் யாரும் சேர்ந்து உட்கார்ந்து எதையும் கேட்பதில்லை.

இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கூடினால், "உங்கம்மா சொல்வாங்களே" என்று ஆரம்பித்து எதையாவது சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அதில் எது அம்மா வீட்டில் பேசியது, எது அண்ணன் அவளுக்காக எழுதியது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் இரண்டு பேரும் இல்லை.