புளி வரிசையில் ஒரு ஜோடிச் செருப்பு

தொழுநோய்த் தடுப்பு வேலைக்கு எனக்கு உத்தரவு வந்தபோது எங்கள் வீட்டில் சில நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் ஒன்று தாலுகா ஆபீசில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வாத்தியாராக வேண்டும் என்று அப்பா நினைத்திருந்தார். எனக்குக் கிடைத்ததோ சைக்கிளில் ஊர் ஊராகப் போய், ஜனங்களின் முதுகிலும் கையிலும் கோழி இறகால் தொட்டு, "இங்க தொடறது தெரியுதுங்களா?" என்று கேட்கும் வேலை. அம்மா கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "போறது போ. வர்றப்ப கெணத்தாண்ட குளிச்சிட்டு வூட்டுக்குள்ள வா."

காரிமங்கலம் போகும் சாலையில் ஒரு புங்கமரத்தடிதான் எங்கள் ஆஸ்பத்திரி. வாரத்தில் ஒரு நாள் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா ஜீப்பில் வருவார். கட்டுத்துணியும் மருந்தும் அரசாங்க சுகாதார நிலையத்திலிருந்து வரும். ஆட்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவது என் பொறுப்பு. அரசாங்கமும் மிஷனும் இப்படி ஒரே மரத்தடியில் வேலை செய்தது எங்கள் பக்கத்துக்குப் புதிது. மருந்து தீர்ந்தால் எந்தப் பக்கம் ஆள் அனுப்புவது என்பதிலேயே முதல் வருடம் முக்கால்வாசி போயிற்று. டாக்டரம்மா மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கன்னடம் வந்துவிடும்.

அங்கே வந்தவர்களில் ஒருவர் சந்தையில் புளி விற்கும் அக்கா. நாற்பதைத் தாண்டியவர், வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். வருடக்கணக்கில் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் விழுங்கியதில், பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. அவரால் யாருக்கும் எதுவும் தொற்றாது. ஆனால் போன நோய், இடது காலின் உணர்ச்சியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது, தார் ரோடு கொதித்தாலும் தெரியாது. உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், ஆறுவதும் மறுபடி திறப்பதுமாக இருந்தது.

"இன்னொரு வாட்டி எலும்பு வரைக்கும் போச்சுன்னா காலை எடுக்கணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

புண் திறக்காமலிருக்க ஒரு வழி இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரிப் பட்டறையில் மெத்தென்ற ரப்பரில் ஒரு செருப்புச் செய்வார்கள். உடம்பின் பாரத்தை ஒரே இடத்தில் விடாமல் பாதம் முழுக்கப் பரப்பிவிடும் ரப்பர் அது. அக்காவுக்கும் ஒரு ஜோடி கொடுத்திருந்தோம். அடுத்த வாரம் வெறுங்காலோடு வந்து நின்றார்.

"செருப்பு எங்கக்கா?"

"வூட்ல இருக்குது தம்பி."

"வூட்ல இருந்தா புண்ணு ஆறுமா?"

"வூட்ல போட்டுக்கறேனே. கதவச் சாத்திக்கிட்டு அடுப்பாண்ட ரெண்டு நடை நடக்கறேன். வந்து பாரு, ஒரு தூசி படல."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அந்தச் செருப்பின் அகலக் கறுப்புப் பட்டையை இந்த ஜில்லாவில் அறியாதவர் இல்லை. அதைப் போட்டவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துகொள்வார்.

"அம்மா, கால் போச்சுன்னா உக்காந்து புளி விப்பேன். இப்பவும் உக்காந்துதான விக்கறேன். பேரு போச்சுன்னா எங்க உக்கார்றது? திங்கற சாமான் விக்கறவ நானு."

டாக்டரம்மா அந்தக் காலைத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இந்தப் பக்கம் எல்லாரும் போடறது என்ன செருப்பு?"

டயர் செருப்பு என்றேன். லாரி டயரை அறுத்துச் செய்வது. காரிமங்கலம் சந்தையில் ஒரு பாய் செய்து விற்பார். ஏர் ஓட்டுகிறவர்களும் வண்டிக்காரர்களும் அவரிடம்தான் வாங்குவார்கள்.

"அவரைக் கேளு" என்றார்.

பாய் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அறுத்துக்கொண்டிருந்த டயரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்குக் கேட்காதபடி பேசினார். "தம்பி, அந்த நோய்க்காரங்க காலுக்கு அளவெடுத்த கையின்னு தெரிஞ்சா எங்கிட்ட எவன் வருவான்? அடுத்த வாரம் நானும் உங்க சைக்கிள்ல பின்னால உக்காந்து சுத்த வேண்டியதுதான்." அப்புறம் தாமே ஒரு வழியும் சொன்னார். அளவை நான் எடுத்து வர வேண்டும், அது யாருடைய கால் என்று சொல்லக் கூடாது. ரப்பர் ஆஸ்பத்திரியுடையது, கை அவருடையது.

சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் அக்காவின் பாதத்தை வரைந்து எடுத்துப்போய்க் கொடுத்தேன். அடுத்த வாரமே ஜோடி தயாராகிவிட்டது. கீழே டயர், மேலே மெத்தென்ற ரப்பர், பார்த்தால் சாதாரண டயர் செருப்புப் போலத்தான் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டரம்மா அதற்குள் கையை விட்டு மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். ஒரு ஆணியின் நுனி, கடுகளவு.

"ஆணி பேடா. ஒன்னுகூட பேடா. போய்ச் சொல்லு."

சொன்னேன். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வாப்பா காலத்துலருந்து ஆணி அடிச்சித்தான் செருப்பு. உங்க டாக்டரம்மா இன்னிக்கு ஆணி வேணாங்கறாங்க, நாளைக்கு செருப்பே வேணாம்பாங்க. கடுகளவு ஆணி குத்துனா கால எடுத்துக்க மாட்டானா மனுசன்?"

"எடுத்துக்க மாட்டாங்க பாய். தெரியாது அவங்களுக்கு."

"ஆணி குத்தறது தெரியாத காலு எங்கய்யா இருக்குது?"

வந்து பாருங்கள் என்றேன். வருவார் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் புங்கமரத்தடிக்குப் பாய் வந்தார். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி சாலையோரத்திலேயே நின்றார்.

அக்கா எப்போதும்போல நடந்து வந்து கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டினார். குதிகாலில் ஒரு வேலிமுள் முழுதாக ஏறி முறிந்திருந்தது. எவ்வளவு தூரம் அதோடு நடந்தாரோ. பாய் தம்மை அறியாமல் கிட்டே வந்துவிட்டார்.

"வலிக்கலியா?"

"எது?" என்று அக்கா குனிந்து தேடினார். பிறகு நிமிர்ந்து கேட்டவரின் முகத்தைப் பார்த்தார். சந்தையில் அவருக்கு நேர் எதிரே கடை போடும் பாய். அக்கா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஒளித்து வைக்க வேண்டும் என்று அவர் கேட்ட ஒன்றை நான்தான் நடுரோட்டில் போட்டு உடைத்துவிட்டேன் என்று நின்றேன்.

பாய் அங்கேயே குந்தி உட்கார்ந்தார். "ஏம்மா, நீயா? போன வாரம் எங்க வூட்டுக்கு வாங்கிட்டுப் போன புளியில பாதி கொட்டை."

முந்தானைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "கொட்டையில்லாத புளி வேணும்னா மரத்தாண்ட போயிக் கேளு பாய்."

டாக்டரம்மா முள்ளை எடுத்துச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். பாய் அந்த முள்ளை வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். போகும்போது என்னிடம், "ஆணி இல்லாம செய்யறேன். ரெண்டு மூணு வாரம் டைம் குடு" என்றார்.

இரண்டு மூன்று வாரத்தில் முடியவில்லை. பசையில் ஒட்டியது தண்ணீர் பட்டதும் வாயைப் பிளந்தது. ஓரத்தைச் சுற்றித் தையல் போட்டார், தையல் முடிச்சு உள்ளே உறுத்தியது. முடிச்சை வெளிப்பக்கம் கொண்டுவரச் சொன்னவர் டாக்டரம்மா. உணர்ச்சியில்லாத காலிலிருந்து செருப்பு கழன்றாலும் தெரியாதே, பின்பட்டை வேண்டும் என்றதும் அவர்தான். ஏர் ஓட்டுகிறவர்கள் செருப்பில் இருக்கும் பின்பட்டையையே வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றது பாய். இரண்டு ரப்பரும் சேரும் இடம் தெரியாதிருக்க, மெல்லிய தோலை ஓரத்தில் மடித்துத் தைத்ததும் அவர்தான். நான் ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துப் பார்ப்பேன். செருப்பு முடிந்ததும் பாய் உள்ளே கைவிட்டுத் தடவுவார், பிறகு நான், பிறகு டாக்டரம்மா. மூன்று கையும் தொடாமல் ஒரு செருப்பும் வெளியே போகவில்லை.

எல்லாம் சரியாக வந்த பிறகு அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்க வரிசையில ஒருத்தி கால்லயும் செருப்பு கெடையாதே. நான் மட்டும் போட்டா ஏன்னு கேக்க மாட்டாளுங்களா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாஸ்தவம். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்போது செருப்புப் போடுவதில்லை. இத்தனை மாதம் ஆணியையும் பட்டையையும் யோசித்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அக்காதான் சொன்னார்: "பாய், எனக்குன்னு செய்யாத. எங்க வரிசைக்கே செஞ்சி எடுத்துட்டு வா. வித்துப் பாரு. நான் வாங்கறது நாலோட அஞ்சா போயிடும்."

அந்தச் சித்திரையில், வெயில் ஏறிய நேரத்தில், பாய் ஒரு கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு புளி வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் தூரத்தில் வெற்றிலைக் கடை நிழலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்க்காதவன் போல நின்றேன்.

"பொம்பளைங்க செருப்பு. புது மாடல். பெங்களூர்ல எல்லாரும் இதான் போடறாங்க."

"பெங்களூர் பொம்பள டயரு மாட்டிக்கிட்டு எங்க பாய் போறா, லாரி ஓட்டவா?" என்றார் அக்காவுக்குப் பக்கத்தில் மிளகாய் விற்பவர். வரிசையே சிரித்தது.

அக்கா தலை நிமிரவில்லை. புளியை உருட்டிக்கொண்டே, "என்ன வெல சொல்ற?" என்றார்.

பாய் சொன்னார்.

"செருப்புக்குச் சொல்லு பாய், மாட்டுக்குச் சொல்லாத."

"மாடு உன்ன மாதிரி பேரம் பேசாதும்மா."

மிளகாய்க்காரர் திரும்பினார். "ஏண்டி, நெசமாவே வாங்கப் போறியா? எப்ப இருந்து மகாராணியான?"

"மகாராணிக்குப் பல்லக்கு இருக்குது, செருப்பு எதுக்கு? ஊரு வரைக்கும் தார் ரோடு போட்டுட்டான். நீ வெறுங்கால்ல குதிச்சிக் குதிச்சி வா. நான் முன்னால வந்து உன் எடத்தையும் சேத்துப் புடிச்சிக்கறேன்."

இது வேலை செய்தது. இடம் பிடிப்பதில் அந்த வரிசையில் இருந்த சண்டை ஊரறிந்தது. பாய் கோணியில் துழாவி, அடியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து அக்கா முன்னால் வைத்தார். அக்கா நான்கு பேர் பார்க்க அதைப் போட்டு, எழுந்து, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். நான் வெற்றிலையை மென்றபடியே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். வெற்றிலைக் கடைக்காரர், "என்னங்க சார், சுண்ணாம்பு சுட்டுடுச்சா?" என்று கேட்டார்.

அன்று இரண்டு பேர் வாங்கினார்கள். மிளகாய்க்காரர் மறுவாரம் வாங்கினார், கோபமாக. ஆடி மாதத்துக்குள் வரிசையில் வெறுங்கால் குறைந்துவிட்டது. அந்த மழைக்காலம் முழுக்க அக்காவின் புண் திறக்கவில்லை. தை மாதத்தில் டாக்டரம்மா கட்டைவிரலால் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, இனிமேல் வாரா வாரம் வர வேண்டாம் என்றார். அதே மாதிரியில் வேறு ஊர்க்காரர்களுக்கும் பாய் செய்து கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

மறு வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன விழா வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் ஒரு ஜோடி டயர் செருப்பு இருந்தது. பாய்க்குத் துண்டு போர்த்தினார்கள், எனக்கும் கைதட்டினார்கள். அப்பா வந்து கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அரசாங்கமும் மிஷனும் ஒரு கடைக்காரரும் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்று அதிகாரி பேசினார். அவர் பேசியதில் பொய் ஒன்றுமில்லை. இந்த யோசனையின் சரிபாதிக்குச் சொந்தக்காரர் மட்டும் அங்கே இல்லை.

"இதைப் போட்டு நடக்கிறவர் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்" என்றார் அதிகாரி.

"பார்த்தா தெரியாதுங்க சார்" என்றார் டாக்டரம்மா. "அதுக்குத்தான் செஞ்சோம்."

அன்று சந்தை நாள். விழாவில் கொடுத்த லட்டுப் பொட்டலத்தோடு பாயும் நானும் மத்தியான பஸ்ஸைப் பிடித்து வந்தோம். பாய் நேரே புளி வரிசைக்குப் போய்ப் பொட்டலத்தை அக்காவின் கூடைமேல் வைத்தார்.

"என்னா பாய், லட்டு?"

"பேத்தி பொறந்திருக்கா. வரிசைக்கெல்லாம் குடுத்துடும்மா."

அக்கா பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, லட்டை உடைத்து உடைத்து ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டே போனார். எல்லாரும் வாங்கிப் பேச்சை நிறுத்தாமல் வாயில் போட்டுக்கொண்டார்கள். மிளகாய்க்காரர் மட்டும் கையெல்லாம் காரம் என்று வாயைத் திறந்து காட்ட, அக்கா ஊட்டிவிட்டார்.

"முந்திரியே இல்லியே பாய்" என்றார் அவர், மென்றுகொண்டே.

"அடுத்த பேத்திக்குப் போடறேம்மா" என்றார் பாய்.