கதண்டுக் கூடு

தென்னையில் தொங்கும் கதண்டுக் குளவிக் கூட்டைக் கொளுத்த மரமேறும் ஆள் பந்தம் சுற்றினார். மண்ணெண்ணெய் நெடி ஏறியதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அன்று எங்கள் கொல்லை முருங்கையிலும் இப்படியொரு கூடு. அப்பா பந்தத்தோடு போனபோது அத்தை மறித்தாள்.

"புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல குளவிக் கூட்டக் கலைக்கக் கூடாதுண்ணே."

சுவரில் கட்டும் மண்குளவிக்கான சாஸ்திரம் அது. விஷக் கதண்டுக்கு யார் சொன்னது? அம்மாவுக்கு ஆறு மாதம் என்பதால் அப்பா பந்தத்தை அணைத்துவிட்டார்.

ஆடிக் காற்றில் கூடு இருந்த கிளை முறிந்தது. துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து, மரத்தடியில் நின்ற என்மேல் கவிந்துகொண்டாள். அவள் முதுகில் மொய்த்த இரைச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா பிழைத்தாள். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை.

"இப்ப வேண்டாங்க, உங்க பொண்ணு மாசமா இருக்கா," என்று இன்று பின்னாலிருந்து என் மகளின் மாமியார் பதறினார்.

"அதனாலதாங்க," என்றேன். பந்தத்தை நானே பற்றவைத்தேன்.